வாசகர் கேள்வி – பதில்: இரண்டு வைகாசி போன கணக்கு

கொரோனா ஊரடங்கில் மேளம், பம்பை, பேண்டு, கூத்து, கீபோர்டு என்று வாசித்துப் பிழைக்கும் குடும்பங்கள் பட்ட நஷ்டம் இன்னும் முழுசாக அடைபடவில்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வரும் கடிதங்கள் அதைத்தான் சொல்கின்றன. கடன், அட்வான்ஸ், வாத்தியம், மூச்சு என்று எல்லாப் பக்கமும் கேள்விகள். வாத்தியம் பழுது பார்ப்பவர்கள், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், மேடைக் கலைஞர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு தொழிலையும் ஊரையும் மட்டும் போட்டிருக்கிறோம்.

"எல்லாருக்கும்தான் ரெண்டு வருஷம் போச்சு, உங்களுக்கு மட்டும் என்ன தனியா?" என்று உறவுக்காரர்களே கேட்கிறார்கள். எங்கள் செட்டில் ஐந்து பேர். மூன்று பேர் இன்னும் வட்டி கட்டுகிறோம். எங்கே தப்பு செய்தோம்?
– தவில் கலைஞர், குடியாத்தம்

தப்பு உங்கள் மேல் இல்லை. சம்பளக்காரருக்குப் பன்னிரண்டு மாதமும் ஒரே மாதம். மேளக்காரருக்கு அப்படியா? தை பிறந்தால் முகூர்த்தம், பங்குனியில் உத்திரம், சித்திரையில் திருவிழா, வைகாசியும் ஆனியும் கல்யாணம். ஆடியில் கல்யாணம் கிடையாது. கூழ் வார்க்கும் அம்மன் கோயில்களால் பம்பைக்காரர் பிழைப்பார், நாயனக்காரர் (நாதஸ்வரம் வாசிப்பவர்) கை கட்டி உட்கார்ந்திருப்பார். ஆவணி கொஞ்சம் கை கொடுக்கும். புரட்டாசியில் நவராத்திரிக்கு நாலு நாள். ஐப்பசி, கார்த்திகை சுமார். மார்கழியில் மறுபடி கல்யாணம் இல்லை. ஆகவே பங்குனி முதல் ஆனி வரை சம்பாதிப்பதுதான் மீதி மாதங்களுக்கு அரிசி.

கணக்குக்காக ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு தவில்காரர் ஆண்டுக்கு 80 நாள் வாசிக்கிறார், நாளுக்கு ரூ.1,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ரூ.1,20,000. அந்த 80 நாளில் 45 நாள் பங்குனி – ஆனிக்குள் விழுந்தால், அந்த நாலு மாதம் அடைபட்டதும் ரூ.67,500 போய்விடுகிறது. ஊரடங்கு தின்றது ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு, வருமானத்திலோ பாதிக்கு மேல்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். நாடு தழுவிய ஊரடங்கு 2020 மார்ச் 25, அதாவது பங்குனி 12. கோயில்கள் மக்களுக்குப் பரவலாகத் திறந்தது செப்டம்பர் 1. நடுவில் இருந்த சீசன் முழுக்கப் போனது. அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு மே 10, சித்திரை 27. வைகாசி மறுபடி போனது, ஆனியிலும் பெரும்பகுதி போனது. உங்கள் ஊரில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்றால் எத்தனை மேளம், எத்தனை பம்பை, எத்தனை பேண்டு இறங்கும் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது தடவை, 2022 ஜனவரியில், தை பிறந்த பிறகு வந்த 16, 23 ஆகிய இரண்டு ஞாயிறும் முழு ஊரடங்கு. கல்யாணத்துக்கு 100 பேர் வரம்பு. தொற்று காலண்டர் பார்த்து வரவில்லை. ஆனால் விழுந்த அடி ஒவ்வொரு முறையும் அறுவடை மாதத்தில்தான் விழுந்தது.

இன்னொன்றையும் உறவுக்காரர்களிடம் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு 50 பேர், சாவுக்கு 20 பேர் என்று வரம்பு வந்தபோது குடும்பங்கள் சின்னதாக நடத்தப் பழகிவிட்டன. இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு தாளம் என்று கூப்பிட்டவர்கள் ஒரு நாயனம், ஒரு தவில் போதும் என்கிறார்கள். சிலர் பென்டிரைவில் மங்கள இசை போட்டு முடித்துக்கொள்கிறார்கள். ஊரடங்கு எடுத்த பிறகும் செட்டில் மூன்று பேருக்கு வேலை திரும்பவில்லை என்றால் காரணம் இதுதான். உங்கள் ஐந்து பேரில் வட்டி கட்டும் மூன்று பேர் யார் என்று பாருங்கள். இரண்டாம் நாயனம், இரண்டாம் தவில், தாளமாக இருந்தால் நாங்கள் ஆச்சரியப்பட மாட்டோம்.

கூலியைப் பேசும்போது தலைக்கு இவ்வளவு என்று பேசுவது இந்தக் காலத்துக்கு உதவாது. "மூணு பேர் வந்தா இவ்வளவு, அஞ்சு பேர் வந்தா இவ்வளவு" என்று இரண்டு தொகை சொல்லுங்கள். மூன்றுக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் சிறிதாக இருக்கட்டும். வண்டிச் செலவு எப்படியும் ஒன்றுதான் என்பதால் அப்படிச் சொல்ல இடம் உண்டு. பெண் வீட்டார் பாதிப் பேர் ஐந்துக்கே ஒத்துக்கொள்வார்கள்.

2020 சித்திரையில் நடக்க இருந்த ஏழு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். எல்லாம் நின்றது. பணம் யூனிபாரத்துக்கும் வாத்தியத்துக்கும் செலவாகிவிட்டது. இரண்டு வீட்டார் இப்போதும் கேட்கிறார்கள். திருப்பித் தர வேண்டுமா? இனிமேல் எப்படி எழுதி வாங்குவது?
– பேண்டு செட் நடத்துபவர், ஆம்பூர்

வேறு பேச்சு இல்லாமல் வாங்கிய அட்வான்ஸ் என்றால், சட்டம் திருப்பித் தரத்தான் சொல்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 56: செய்ய முடியாமல் போன வேலைக்கான ஒப்பந்தம் செல்லாததாகிவிடும். பிரிவு 65: அப்படிச் செல்லாமல் போன ஒப்பந்தத்தில் ஒருவர் பெற்றதைத் திருப்ப வேண்டும். அந்தப் பிரிவுக்குக் கீழே சட்டமே தரும் உதாரணம் ஒரு பாட்டுக்காரரைப் பற்றியது. ஆயிரம் ரூபாய் முன்பணம் வாங்கியவர் உடம்புக்கு முடியாமல் கச்சேரிக்கு வரவில்லை. நடத்தியவருக்குப் போன லாபத்தை அவர் ஈடுகட்ட வேண்டாம், வாங்கிய ஆயிரத்தைத் திருப்பினால் போதும் என்கிறது. நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே நம் தொழிலை யோசித்து எழுதிவைத்திருக்கிறார்கள்.

கேட்கும் இரண்டு வீட்டாரிடமும் நேரில் போங்கள். மூன்று தவணையில் தருவதாகவோ, அந்த வீட்டில் அடுத்து வரும் வளைகாப்பு, காதுகுத்து, புதுமனை புகுவிழாவில் கழித்துக்கொள்வதாகவோ பேசுங்கள். பெரும்பாலும் இரண்டாவதுக்கு ஒத்துக்கொள்வார்கள். பேசி முடித்ததை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

இனிமேல் வாங்கும் அட்வான்ஸை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். இந்த மாதிரி போதும்:

"…… தேதி …… ஊரில் நடக்கும் திருமணத்துக்கு …… பேர் கொண்ட பேண்டு செட். மொத்தக் கூலி ரூ.……. முன்பணம் ரூ.…… பெற்றுக்கொண்டோம். இதில் ரூ.…… அந்தத் தேதியை வேறு யாருக்கும் தராமல் ஒதுக்கி வைத்ததற்கான கூலி. அரசு உத்தரவு, தொற்றுநோய், வெள்ளம், புயல் காரணமாக விழா நின்றால், தேதிக் கூலி போக மீதியை 15 நாளில் திருப்புவோம். அல்லது 12 மாதத்துக்குள் வேறு தேதியில் இதே கூலிக்கு வாசிப்போம். ஆள் வரம்பு வந்தால் குறைந்தது …… பேருக்கான கூலி உண்டு. வீட்டார் தாமே நிறுத்தினால், 30 நாளுக்கு முன் சொன்னால் பாதி முன்பணம் திரும்பும். அதற்குப் பிறகு திரும்பாது."

தேதிக் கூலியை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வைக்காதீர்கள். அதிகம் வைத்தால் கல்யாண வீட்டார் கையெழுத்துப் போட மாட்டார்கள், வேறு செட்டைத் தேடிப் போய்விடுவார்கள். தொகை ரூ.5,000க்கு மேல் என்றால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, பணம் வாங்கிய நீங்கள் அதன் மேல் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அவர்களுக்கே அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கி வையுங்கள். அடுத்த கேள்விக்கும் இந்த ரசீதுகள் உதவும்.

பாரதம் ஓதும் கோயில்களில் முப்பது வருஷமாக முகவீணை (சிறிய ஊதுகுழல்) வாசிக்கிறேன். ஊரடங்கில் ரேஷன் கார்டுக்கு வந்த பணம் தவிர எதுவும் வரவில்லை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்குத் தனியாக வந்ததாம். நான் எழுதிப் போட்ட மனு திரும்பி வந்துவிட்டது. என்ன காரணமாக இருக்கும்?
– கூத்துக் கலைஞர், ஆரணி பக்கம்

ரேஷன் கார்டுக்கு 2020 ஏப்ரலில் ரூ.1,000, 2021இல் மே, ஜூன் இரண்டு தவணையாக ரூ.4,000. பத்து நாள் பாரதம், இரவெல்லாம் கூத்து, கடைசியில் துரியோதனன் விழும் படுகளம் என்று ஒரே ஊரில் வாசித்தால் கிடைப்பதோடு இதை ஒப்பிடவே முடியாது. அதிலும் ஜமா (கூத்துக் குழு) நடத்துபவரிடம் சீசன் தொடங்கும்போதே முன்பணம் வாங்கிச் செலவு செய்தவர்களுக்கு, வாசிக்காத சீசனின் முன்பணம் அடுத்த சீசனுக்குக் கடனாக ஏறியது. அதைக் கழிக்க இரண்டு சீசன் ஆனவர்கள் உண்டு.

தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இல் வந்தது. கலை பண்பாட்டுத் துறையின் கீழ் இயங்குகிறது. விண்ணப்பம் மண்டலக் கலை பண்பாட்டு மையம் வழியாகப் போகும். மனு திரும்புவதற்கு வழக்கமான காரணங்கள் இவை. உங்களுடையதைச் சரிபாருங்கள்.

முதலாவது, பெயர். ஆதாரில் அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால், வங்கிப் புத்தகத்தில் பின்னால், ரேஷன் கார்டில் எழுத்தே இல்லை. கூத்துப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று என்று இருந்தால் இன்னும் மோசம். ஆதாரில் உள்ளபடியே எல்லாவற்றையும் மாற்றுங்கள். வங்கியில் மாற்றுவது ஒரு நாள் வேலை.

இரண்டாவது, மாவட்டம். பழைய வேலூர் மாவட்டம் 2019 நவம்பரில் மூன்றானது. சோளிங்கர், அரக்கோணம், வாலாஜா, ஆற்காடு ராணிப்பேட்டைக்குப் போயின. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்குப் போயின. பழைய அட்டையில் வேலூர், புது மனுவில் ராணிப்பேட்டை என்று இருந்தால் மனு நிற்கும். நீங்கள் ஆரணி என்பதால் உங்களுக்கு இது இல்லை. ஆனால் இதே இதழுக்கு எழுதிய இன்னும் நாலு பேருக்கு இதுதான் சிக்கல் என்று தெரிகிறது.

மூன்றாவது, கலையின் பெயர். "நாடகம்" என்று எழுதினால் எந்த நாடகம் என்று கேட்பார்கள். "தெருக்கூத்து – முகவீணை" என்று தெளிவாக எழுதுங்கள். பம்பைக்காரர் "பம்பை" என்றே எழுத வேண்டும், "மேளம்" என்று பொதுவாக எழுதக் கூடாது.

நான்காவது, அத்தாட்சி. முப்பது ஆண்டு வாசித்தவரிடம் ஒரு துண்டு நோட்டீஸ்கூட இருப்பதில்லை. இதுதான் எங்களுக்கு மனம் பொறுக்காத விஷயம். கைத்தொழில் இருக்கிறது, கையில் தாள் இல்லை. திருவிழா நோட்டீஸில் ஜமா பெயரோடு வாசிப்பவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். வாசிக்கும்போது கோயில் பெயர்ப் பலகை தெரியும்படி ஒரு போட்டோ. கோயில் தர்மகர்த்தாவிடம் தேதி போட்ட ஒரு கடிதம். மூன்று ஆண்டுக்கு இப்படிச் சேர்த்தால் யாரும் மறுக்க முடியாது.

அட்டை வாங்கியவர்கள் புதுப்பிக்கும் தேதியைத் தவறவிடாதீர்கள். உதவி வரும் நேரத்தில் காலாவதியான அட்டை வெறும் தாள். செல்போன் எண் மாறினால் வாரியத்திலும் வங்கியிலும் ஆதாரிலும் மாற்றுங்கள். 58 வயது நிறைந்து நலிந்த நிலையில் இருப்பவர்கள் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் மாதாந்திர நிதியுதவிக்குத் தனியாக மனு செய்யலாம். 16 முதல் 59 வயதுக்குள் இருந்து, வருமான வரி கட்டாதவராகவும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாதவராகவும் இருந்தால் மத்திய அரசின் இ-ஷ்ரம் (அமைப்புசாராத் தொழிலாளர்) பதிவும் செய்துவிடுங்கள். பொதுச் சேவை மையத்தில் பத்து நிமிட வேலை, 12 இலக்க எண்ணோடு அட்டை வரும்.

என் வீட்டுக்காரர் ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிறார். கீபோர்டு லோனுக்கு ஆறு மாதம் கட்ட வேண்டாம் என்றார்கள்; பிறகு பார்த்தால் கடன் ஏறியிருந்தது. என் நகையும் அடகில் போனது. எங்களை ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகி, காட்பாடி

ஏமாற்றவில்லை அம்மா, ஆனால் சரியாகச் சொல்லவும் இல்லை. ரிசர்வ் வங்கி கொடுத்தது தவணையைத் தள்ளிவைக்கும் சலுகை. 2020 மார்ச் முதல் தேதியிலிருந்து முதலில் மே வரை, பிறகு ஆகஸ்ட் 31 வரை. வட்டி நிற்கவில்லை. ஒரு லட்சம் பாக்கி, ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் ஆறு மாதத்தில் வட்டிக்கு வட்டி சேர்ந்து ரூ.6,152 ஏறும். தனி வட்டி என்றால் ரூ.6,000. பிறகு மத்திய அரசு திருப்பிக் கொடுத்தது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். அதாவது ரூ.152. "வட்டி தள்ளுபடி" என்று ஊரெல்லாம் பேசியது இதைத்தான். கையில் பணமே இல்லாதவருக்கு அந்தச் சலுகை தேவைதான். கொஞ்சம் கட்ட முடிந்தவர்கள் வட்டியை மட்டுமாவது கட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

நகைக்கடனிலும் அப்படி ஒன்று நடந்தது. 2020 ஆகஸ்டில், வங்கிகள் நகை மதிப்பில் 75 சதவீதத்துக்குப் பதில் 90 சதவீதம் வரை கடன் தரலாம் என்று 2021 மார்ச் 31 வரை அனுமதி இருந்தது. 90 வாங்கியவர்களுக்கு, வட்டி ஏறினாலோ தங்கம் விலை கொஞ்சம் இறங்கினாலோ கடன் நகையின் மதிப்பைத் தொட்டுவிடும். ஏலக் கடிதம் சீக்கிரம் வருவதற்கு இதுவே காரணம். எவ்வளவு கொடுத்தாலும் மதிப்பில் அறுபதுக்கு மேல் வாங்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: எல்லாக் கடனையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பாக்கி, நூற்றுக்கு மாத வட்டி, கடைசி தேதி. வட்டி அதிகமான கடன் முதலில். மாதம் நூற்றுக்கு மூன்று, நாலு வாங்கும் தனியார் கடன் இருந்தால், வங்கி நகைக்கடன் வாங்கி அதை அடைப்பதுகூட லாபமே. நகைக்கடனுக்கு அசல் கட்ட முடியாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டியைக் கட்டி ரசீது வாங்குங்கள்.

கீபோர்டு கடனை "செட்டில்மென்ட்" என்று குறைத்து முடிக்கச் சொன்னால் யோசியுங்கள். சிபில் அறிக்கையில் (நீங்கள் கடன் கட்டிய வரலாறு) "செட்டில்டு" என்று விழுந்தால் அடுத்த கடன் கிடைப்பது கஷ்டம். முழுக்கக் கட்டி "க்ளோஸ்டு" என்று விழுவதே நல்லது. ஆண்டுக்கு ஒரு முறை அந்த அறிக்கையை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம். செல்போன் கடன் ஆப் பக்கம் போகவே போகாதீர்கள். போய் மாட்டிக்கொண்டவர்கள், மிரட்டல் வந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

ஊரடங்கில் ஒன்றரை வருடம் பரணில் கிடந்த வாத்தியங்கள் பாதி கெட்டுவிட்டன. ரிப்பேருக்கே ஒரு சீசன் காசு போனது. மறுபடி இப்படி வேலை இல்லாமல் போனால் எப்படி வைப்பது?
– நாதஸ்வரக் கலைஞர், சோளிங்கர். இதே கேள்வியைப் பேண்டு, ஆர்மோனியம் வாசிப்பவர்கள் ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் பரண். நம் பக்கத்து வெயிலில் தகரக் கூரையோ ஓட்டுக்கூரையோ அதன் கீழ் உள்ள பரண் அக்னி நட்சத்திரத்தில் அடுப்பு மாதிரி. மரம் வெடிப்பதும் தோல் இறுகிக் கிழிவதும் அங்கேதான். ஆள் படுக்கும் அறையில், தரையிலிருந்து ஒரு அடி மேலே, சுவரை ஒட்டாமல் வையுங்கள்.

நாயனம்: உலவையும் (மரக் குழல்) கெண்டையையும் (மேலே சீவாளி செருகும் உலோகத் துண்டு) அணசையும் (கீழே விரிந்த வாய்) தனித்தனியாகக் கழற்றி வையுங்கள். பூட்டியே வைத்தால் மரம் உப்பும்போது கெண்டை இறுகி, எடுக்கும்போது வாய்ப்பக்கம் விரியும். உள்ளே மெல்லிய துணியை விட்டுத் துடைத்து, மாதம் ஒரு முறை நல்லெண்ணெய் தொட்ட துணியால் ஒரு இழுப்பு. எண்ணெய் தேங்கினால் தூசி ஒட்டி நாதம் அடைக்கும், ஆகவே தொட்டும் தொடாமலும். சுருதிக்காகத் துளையில் வைத்த மெழுகு வெயிலில் உருகி இடம் மாறும். மறுபடி வாசிக்கும்போது சுருதி சேரவில்லை என்றால் மரத்தைக் குறை சொல்லும் முன் மெழுகைப் பாருங்கள். சீவாளியை (வாயில் வைத்து ஊதும் நாணல்) காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் போடாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். நன்றாக உலர்த்தி, துளையிட்ட டப்பாவில் வையுங்கள். கிருமிக்குப் பயந்து சானிடைசர் போட்டு சீவாளியைக் கெடுத்தவர்கள் உண்டு. நாணல் வறண்டு பிளந்துவிடும். சுத்தமான தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துவது போதும். ஒருவர் சீவாளியை இன்னொருவர் வாயில் வைக்க வேண்டாம்.

தவில், பம்பை: வாசிக்காத நாளில் இழுப்பைத் தளர்த்துங்கள். நட்டு போல்ட்டு வைத்த தவில் என்றால் எல்லா நட்டையும் ஒரே அளவு, எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாக. ஒரு பக்கம் மட்டும் தளர்த்தினால் வளையம் கோணும், பிறகு தோல் புதிது போட்டாலும் நாதம் வராது. வாரம் ஒரு முறை கையால் பத்து நிமிடம் தட்டினால் தோல் உயிரோடு இருக்கும். எலிக்குத் தோல் என்றால் ஆசை. உறை போட்டுத் தொங்கவிடுங்கள்.

டிரம்பட், யூபோனியம்: வால்வு இறுகியிருந்தால் சுத்தியல், கட்டிங் பிளேயர் எதுவும் வேண்டாம். மேலிருந்து வால்வு ஆயில் நாலு சொட்டு விட்டு ஒரு இரவு வைத்தால் பெரும்பாலும் விடும். சிக்கிய மவுத்பீஸை முறுக்கினால் குழாய் திருகிப் போகும், அது பெரிய செலவு; அதை எடுக்கத் தனிக் கருவி ரிப்பேர்காரரிடம் இருக்கும். புளி போட்டு விளக்கும் பழக்கத்தை விடுங்கள். மேலே பளபளக்கும், ஆனால் பூச்சு போய்விடும், இடுக்கில் தங்கிய புளி பித்தளையை அரிக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பிறகு நன்றாக உலர்த்துவது, அவ்வளவுதான். கொதிநீர் கூடாது.

ஆர்மோனியம் துருத்தி மடிப்பில் கரப்பான் முட்டையிடும். வாரம் ஒரு முறை திறந்து ஐந்து நிமிடம் எல்லாக் கட்டையையும் அமுக்கி வாசித்தால் பாதி நோய் வராது. ஒரு சுரம் பேசவில்லை என்றால் ரீடுக்கும் தகட்டுக்கும் இடையில் மெல்லிய தாளை விட்டுத் தூசியை எடுங்கள். ரீடை நிமிண்டினால் சுருதி போய்விடும். கீபோர்டில் பேட்டரி இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

கொரோனா வந்து போன பிறகு கிளாரினெட்டில் நீண்ட சுரம் பிடிக்க முடியவில்லை. வாசித்தால்தான் சோறு. எப்படித் தொடங்குவது?
– வாலாஜாபேட்டை

ஆக்சிமீட்டரில் ஒரு முறை பாருங்கள். பிறகு ஆறு நிமிடம் சாதாரண வேகத்தில் நடந்துவிட்டுப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே 94க்குக் கீழே இருந்தாலோ, நடந்த பிறகு மூன்று, நாலு புள்ளி இறங்கினாலோ வாத்தியத்தைத் தொடாமல் டாக்டரிடம் போங்கள். வேலூர் அருகே அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நெஞ்சு வலி, படபடப்பு இருந்தாலும் அப்படியே. இவை இல்லை என்றால் முதல் வாரம் தினம் ஐந்து நிமிடம், கீழ்ச் சுரங்கள் மட்டும், மெதுவாக. ஒவ்வொரு வாரமும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். தலை சுற்றினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிப்பதைக் கடைசியாக வையுங்கள். அதுவரை உட்கார்ந்து வாசிக்கும் வரவேற்பு நிகழ்ச்சிகளை ஒத்துக்கொள்ளுங்கள்.

ஊரடங்கில் ஆன்லைனில் வயலின் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். இப்போது நிகழ்ச்சி வந்தாலும் வகுப்பை விட மனமில்லை. ஆனால் சத்தம் விட்டுவிட்டு வருகிறது, மாணவரோடு சேர்ந்து வாசிக்க முடியவில்லை.
– ஆசிரியை, சத்துவாச்சாரி

விடாதீர்கள். மாதா மாதம் வரும் பணம் இந்தத் தொழிலில் அரிது.

சேர்ந்து வாசிப்பது இணையத்தில் நடக்காது. சத்தம் போய்ச் சேரவே தாமதம் ஆகும், தாளம் ஒட்டாது. நீங்கள் ஒரு வரி, அவர் ஒரு வரி. நீங்கள் வாசிக்கும்போது அவர் மைக்கை அணைக்கட்டும். தாளப் பயிற்சிக்குச் சுருதியோடு நீங்கள் வாசித்த பதிவை முன்னாலேயே அனுப்பி, அதோடு சேர்ந்து வாசித்துப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். விட்டுவிட்டு வருவதற்குக் காரணம் நெட் மட்டும் இல்லை. ஜூம் மாதிரி செயலிகள் தொடர்ந்து வரும் சத்தத்தை இரைச்சல் என்று எண்ணி வெட்டும். தம்புரா சுருதியே காணாமல் போகும். அமைப்பில் "ஒரிஜினல் சவுண்ட்" என்பதை இரு பக்கமும் போடுங்கள். இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான்; வகுப்பை 35 நிமிடமாக வைத்துக்கொண்டால் நடுவில் அறுபடாது. கட்டணத்தை மாதம் ஐந்தாம் தேதிக்குள், எட்டு வகுப்புக்கு முன்கூட்டியே வாங்குங்கள். யு.பி.ஐ. வழியாகவே வாங்குங்கள், வங்கிப் புத்தகத்தில் பதிவாகும் அந்த வரவே நாளைக்குக் கடன் கேட்கும்போது உங்கள் வருமானச் சான்று.

யூடியூபை நம்பி வகுப்பைக் குறைக்க வேண்டாம். விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரரும், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். சினிமாப் பாட்டு வாசித்தால் உரிமைக்காரர் கேட்டு அந்த வருமானத்தை எடுத்துக்கொள்வார்.

எங்கள் பம்பை செட்டில் எட்டு பேர். அடுத்த முறை இப்படி வந்தால் தாங்க, பொதுவாக எவ்வளவு சேர்க்க வேண்டும்? யார் கையில் வைப்பது?
– அணைக்கட்டு

ஆளுக்கு மூன்று மாத அரிசி, மளிகை, வாடகை, வட்டி. இந்த நாலையும் எழுதிக் கூட்டுங்கள். மாதத்துக்கு ரூ.7,000 என்று வந்தால் ஆளுக்கு ரூ.21,000, எட்டுப் பேருக்கு ரூ.1,68,000. ஒரே வீச்சில் முடியாது. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கூலி பிரிக்கும் முன் ஆளுக்கு ரூ.150 எடுத்துவிடுங்கள். எட்டுப் பேருக்கு ரூ.1,200, ஆண்டுக்கு 70 நிகழ்ச்சி என்றால் ரூ.84,000. இரண்டு ஆண்டில் சேர்ந்துவிடும். பிரித்த பிறகு கேட்டால் வராது, இதில் கண்டிப்பாக இருங்கள்.

ஒருவர் கையில் வைக்காதீர்கள். மூன்று பேர் பெயரில் வங்கிக் கணக்கு, எடுக்க இரண்டு கையெழுத்து. சீட்டுப் பிடிப்பவரிடமும் போடாதீர்கள். ஊரடங்கில் முதலில் நின்றது சீட்டுதான், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பணம் தேவைப்பட்டது. இந்தப் பணத்தைக் கல்யாணம், காதுகுத்துக்குத் தருவதில்லை என்று முதல் நாளே நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வேலையே முப்பது நாள் இல்லாமல் போனால் மட்டும் எடுக்கலாம்.

அதே வங்கியில் ஆளுக்கு இரண்டு காப்பீடு போடுங்கள். விபத்துக் காப்பீடு ஆண்டுக்கு ரூ.20, 18 முதல் 70 வயது வரை. ஆயுள் காப்பீடு ஆண்டுக்கு ரூ.436, 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும். இரண்டிலும் ரூ.2 லட்சம். ஆண்டுக் கணக்கு ஜூன் 1 முதல் மே 31 வரை. மே கடைசி வாரத்தில் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பார்கள். அந்த வாரம் கணக்கில் ரூ.456க்குக் குறைந்தால் காப்பீடு அறுந்துவிடும். வைகாசி நடுவில் வரும் வாரம் அது. கையில் காசு இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.